ருசி பாக்காத மனுஷன்

எங்க ஜெராக்ஸ் கடைக்கும் ஸ்கந்தகுமார் சாமி கடைக்கும் நடுவுல ஒரு பிளைவுட் தடுப்பு தான். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டுல ஒரே கடையா இருந்ததை ஓனரு ரெண்டா பிரிச்சி வாடகைக்கு விட்டுட்டாரு. இந்தப் பக்கம் நான் ஜெராக்ஸ் எடுத்துகினு இருப்பேன், அந்தப் பக்கம் அவரு ஒத்தை கம்ப்யூட்டரை வெச்சிகினு குந்தியிருப்பாரு. அவரு இருமினா எனக்குக் கேக்கும், நாற்காலியை இழுத்தா கேக்கும். பேசினா மட்டும் கேக்காது, ஏன்னா பேசவே மாட்டாரு. எட்டு வருஷம் பக்கத்துல இருந்தேன். அந்த மனுஷன் தானா வாயைத் தொறந்து என்கிட்ட பேசினதை விரல் விட்டு எண்ணிடலாம்.

நான் அப்படி இல்லீங்க. பொறந்தது பள்ளிப்பட்டு, தறிக்காரங்க வீடு. நைனா கிட்ட தெலுங்கு, அம்மா கிட்ட தமிழ்னு ரெண்டு பாஷையிலயும் சண்டை போட்டு வளந்தவ. யோகலட்சுமி கடையில ஜெராக்ஸ் எடுத்தா ஊர் நியூஸ் இலவசம்னு என் வீட்டுக்காரரே கேலி பண்ணுவாரு. பண்ணிட்டுப் போகட்டும். இந்த மனுஷன் கதையை நான் சொல்லலேன்னா வேற யாரும் சொல்லப் போறதில்ல.

அவங்க குடும்பம் மலை மேல கோயில் மடப்பள்ளியில சமைக்கற குடும்பம். அப்பா, தாத்தா, அவரோட அப்பான்னு எல்லாரும் முருகனுக்குப் பொங்கலும் புளியோதரையும் வெச்சவங்க. அவங்க வீட்டுல ஒரு முறை உண்டு. சமைக்கறவரு மூக்கையும் வாயையும் துணியால கட்டிகினு தான் அடுப்பாண்ட நிக்கணும். வாசனை கூட சாமிக்கு முன்னால நமக்கு வந்துடக் கூடாதாம். நடுவுல உப்பு பாக்கறது, புளி பாக்கறது, ஒண்ணும் கெடையாது. எல்லாம் கை அளவு தான். சாமிக்குப் படைச்சதுக்கு அப்பால தான் அது எப்படி வந்திருக்குதுன்னு சமைச்சவருக்கே தெரியும்.

இவரு ரெண்டாவது புள்ள. மூத்தவரு ஷண்முகசுந்தரம் மடப்பள்ளிக்குப் போயிட்டாரு, இவரு தொண்ணூத்தி நாலுல மெட்ராஸ் போயி கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்தாரு. ஆனா வீட்டுப் பழக்கம் மட்டும் வுடல. கடைக்குப் பின்னால ஒரு ஸ்டவ் வெச்சிகினு தானே ஆக்கித் தானே சாப்புடுவாரு. ருசி பாக்க மாட்டாரு. ஒரு நாள் டப்பாவுல புளியோதரை குடுத்தாரு. வாயில வெச்சேன், உப்பு தலைக்கு ஏறிச்சி. உப்பு பாக்கலியா சாமின்னு கேட்டேன். பாக்கறதில்லம்மான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. சுவத்துல தொங்கற முருகர் காலண்டருக்குக் காட்டிட்டு ஒண்டியா சாப்புடற சோத்துக்கு இவ்ளோ ஆசாரம் இன்னாத்துக்குன்னு எனக்கு எரிச்சலா வரும்.

அவரு எப்பவுமே இப்படி ஒண்டியா இருந்தவரு இல்ல. தொண்ணூத்தி எட்டுல அந்தக் கடை மொத்தமும் அவருது. ஆறு கம்ப்யூட்டர் வெச்சி சென்டர் நடத்தினாரு, வாசல்ல காலேஜ் பசங்க செருப்பு குமிஞ்சி கிடக்கும். மறு வருஷம் கல்யாணம் ஆச்சி. வித்யாலக்ஷ்மின்னு, அமைதியான பொண்ணு, சாயங்காலம் ஃபிளாஸ்க்குல காப்பி எடுத்துகினு வரும். ரெண்டாயிரத்து ஒண்ணுல ஒரு பொண் குழந்தை, சுப்ரஜான்னு பேரு வெச்சாங்க. நான் அப்ப எதிர்ப்பக்கம் எஸ்.டி.டி. பூத்துல வேலைக்கு இருந்தேன். அந்தக் குழந்தையை இடுப்புல வெச்சிகினு அவரு ஒரு கையால டைப் அடிப்பாரு, நான் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலேந்து பாத்துகினு இருப்பேன்.

ரெண்டாயிரத்து மூணுல ஒரு நாள் மெட்ராஸ்லேந்து ஆளுங்க போலீசோட வந்து எறங்கினாங்க. கடையில ஓடறதெல்லாம் காசு குடுக்காம திருட்டு சிடியிலேந்து போட்ட விண்டோஸுன்னு சொல்லி ஆறு மிஷினையும் வண்டியில ஏத்தினாங்க, அவரையும் ஏத்தினாங்க. ஊர்ல எல்லா சென்டர்லயும் அதே சிடி தான் ஓடிச்சி, இவரு மட்டும் மாட்டிகினாரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட சென்டர் வெச்சிருந்த கோதண்டபாணி தான் போட்டுக் குடுத்தான்னு ஊரு பேசிச்சி. நெஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. சாமி நம்பிட்டாரு.

மறுநாளே விட்டுட்டாங்க. ஆனா மடப்பள்ளிக்காரன் தம்பி ஸ்டேஷன்ல குந்தியிருந்தான்னு மலை மேல பேச்சாயிடுச்சி, அண்ணன்காரரு அன்னிலேந்து தம்பி கிட்ட பேச்சை நிறுத்திட்டாரு. இவரு அவமானத்துல பொண்டாட்டி கிட்ட கூட வாயைத் தொறக்கல. ரெண்டு மாசம், மூணு மாசம், ஒரு வார்த்தை கெடையாது. அந்தப் பொண்ணு சுவத்தோட குடித்தனம் பண்ண முடியாதுன்னு ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிகினு அம்மா வீட்டுக்குப் போச்சி. அங்கேந்து மெல்போர்ன்ல இருக்கற அண்ணன் வீட்டுக்குப் போயிடுச்சி. நான் அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கும் அவரைப் பாத்தா பல நாள் பல்லைக் கடிக்கணும் போல தான் இருக்கும்.

அதுக்கப்புறம் தான் கடையை ரெண்டாக்கினாங்க, நான் இந்தப் பக்கம் வந்தேன். இனிமே திருட்டு சிடியைக் கையால தொடறதில்லன்னு அவரு மலையைப் பாத்து சத்தியம் பண்ணியிருந்தாரு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்குதாமே, ஊரு உலகத்துல இருக்கறவங்கல்லாம் சேந்து எழுதி சும்மாவே குடுக்கறாங்களாமே, அதைத் தானே கத்துகினு ஒத்தை மிஷின்ல போட்டாரு. ஜாதகம் அடிச்சிக் குடுப்பாரு, பரீட்சை ரிசல்ட் பாத்து சொல்லுவாரு. மத்த நேரம் ஞாயித்துக்கிழமைக்குக் காத்துகினு இருப்பாரு.

ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணி, அங்க மெல்போர்ன்ல மத்தியானம் ஒண்ணரை. அந்த நேரத்துக்குக் குழந்தையை கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெப்பேன், இன்டர்நெட்டுல பேசுங்கோன்னு அந்தப் பொண்ணு ஒத்துகினு இருந்திச்சி. போன் நம்பர் மட்டும் குடுக்கல, அதோட அண்ணன் வேணாம்னுட்டாராம். இங்க ஒரு வாரம் கரண்ட் இருக்காது, ஒரு வாரம் லைன் இருக்காது. குழந்தை குந்திக் குந்திப் பாத்து அழும். இவரு காரணம் எழுதி மெயில் போடுவாரு. கடைசியா அந்தப் பொண்ணு ஒரு பதில் போட்டிச்சி. அதை பிரிண்ட் எடுத்து டிராயர்ல வெச்சிருந்தாரு, நானே படிச்சேன். "காரணத்தை எழுதி அனுப்பாதீங்கோ. குழந்தைக்கு உங்க குரல் வேணும். தொடர்ந்து மூணு வாரம் வரலேன்னா இனிமே அவளை உக்கார வெக்க மாட்டேன். அவ அழறதைப் பாக்க என்னால ஆகலை." இதான் பேச்சு. மூணு வாரம்.

ரெண்டாயிரத்து ஆறுல ஆனி மாசக் கடைசியில ஒரு செவ்வாக்கிழமை சாயங்காலம் இடி விழுந்திச்சி. மழை நாலு தூத்தல் கூட இல்ல, வெறும் இடி. போன் லைன் வழியா எறங்கி அவரு கம்ப்யூட்டர் மதர்போர்டைச் சுட்டுடுச்சி. பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே கருகின வாடை அடிச்சிது. எட்டிப் பாத்தேன். மனுஷன் பெட்டியைத் தொறந்து வெச்சிகினு, உள்ள கையை வுடாம, சும்மா பாத்துகினு நின்னாரு.

மறுநாள் ரயிலேறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போயி புது போர்டு வாங்கிகினு வந்தாரு. பழைய மாதிரி இப்ப வர்றதில்லன்னு சொல்லிட்டாங்களாம். வந்தது அந்த மாசம் தான் எறங்கின மாடலு. மாட்டினாரு, திரையில வெளிச்சம் வந்திச்சி, எனக்கே சந்தோஷமா இருந்திச்சி. ஆனா இன்டர்நெட்டும் வரல, சத்தமும் வரல. இன்னா சாமி ஆச்சின்னேன். அதிசயமா பதில் சொன்னாரு. போர்டுல ரெண்டு சிப்பு புதுசு, ஒண்ணு நெட்டுக்கு, ஒண்ணு ஒலிக்கு. அதுங்களை லினக்ஸுக்கு இன்னும் அடையாளம் தெரியலை. டப்பாவோட குடுத்த சிடி விண்டோஸுக்கு மட்டும் தானாம். யாராவது அந்த சிப்பு கூட பேசறதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் எழுதினா தான் உண்டு. அதாவது நகரியிலேந்து புது மருமக வந்திருக்கா, அவ பேசற தெலுங்கு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் புரியல. அப்படித் தான் நான் புரிஞ்சிகினேன்.

சரி, ஒரே ஒரு நாளைக்கு அந்தத் திருட்டு விண்டோஸ் சிடியைப் போட்டுக்கோங்க, குழந்தை கிட்ட பேசிட்டு அழிச்சிடுங்கன்னு நான் சொன்னேன். தெருவுல போறவன் வர்றவன் எல்லாரும் அதையே சொன்னான். அதனால தாம்மா அவ போனா, அதைப் போட்டு அவளைக் கூப்பிடட்டுமான்னு கேட்டாரு. நான் என் பக்கம் வந்துட்டேன்.

மொத ஞாயித்துக்கிழமை அரக்கோணம் போனாரு, அங்க ஒரு பிரவுசிங் சென்டர்லேந்து பேசலாம்னு. காலைல ஆறு மணி ரயிலுக்கே போயி கடை வாசல்ல நின்னாரு. அவன் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் தான் தொறப்பானாம். இவரு உள்ள போயி குந்தறப்ப அந்தப் பக்கம் ஆளு இல்ல. மிஷின் கெட்டுப்போச்சுன்னு மெயில் போட்டாரு. பதில் வரல. அதுவும் ஒரு காரணம் தானே.

ஆனா அரக்கோணத்துல ஒரு காரியம் பண்ணாரு. லினக்ஸ் எழுதற ஆளுங்க கூடற மெயில் இடம் ஒண்ணு இருக்குதாம், அங்க தன்னோட சிப்பு நம்பரை எழுதிப் போட்டாரு. மறுநாள் போயி பாத்தா போலந்து தேசத்துலேந்து ஒருத்தன் பதில் போட்டிருக்கான். யாரோ, எவனோ. கூடப் பொறந்த அண்ணன் மலை மேல மூணு வருஷமா மூஞ்சியைத் திருப்பிகினு போறாரு, கடல் தாண்டி ஒருத்தன் கேட்ட மறுநாளே எழுதறான். இதை மாத்திப் பாரு, அந்த வரியைச் சேத்துப் பாருன்னு அவன் எழுதுவான். இவரு தினமும் ரயில்ல போயி அதைப் பென் டிரைவுல ஏத்தி, அந்தப் பென் டிரைவைப் பூணூல்ல முடிஞ்சிகினு வருவாரு. மடப்பள்ளியில சாவியை அப்படித் தான் முடிவாங்க. பென் டிரைவுக்கு உபநயனம் ஆயிடுச்சான்னு கேட்டேன். லேசா சிரிச்சாரு. அவரு சிரிச்சி நான் பாத்தது அது ஒரு தரம் தான்.

ஒவ்வொரு தரம் ஒரு வரி மாத்தினாலும் மொத்தத்தையும் மறுபடி கம்பைல் பண்ணணும், அதாவது எழுதினதை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தணும். அதைப் போட்டுட்டா ரெண்டு மணி நேரம் அது பாட்டுக்கு ஓடும். அந்த நேரம் கடையில குந்த முடியாம மலைப் படி ஏறிப் போவாரு. முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. ஏறி எறங்கி வந்தா கம்பைல் முடிஞ்சிருக்கும், ஒண்ணும் வேலை செஞ்சிருக்காது. மறுபடி ஒரு வரி, மறுபடி மலை. அந்த ரெண்டு வாரத்துல எத்தினி தரம் ஏறினாருன்னு முருகனுக்குத் தான் தெரியும்.

ஒரு நாள் என் மாமியார் வேண்டுதலுக்கு நானும் மேல போயிருந்தேன். மடப்பள்ளிக்குப் பின்பக்கம் கைப்பிடிச் சுவத்தாண்ட அவரு குந்தியிருந்தாரு. உள்ள பொங்கல் எறக்கற வாசனை. அண்ணன்காரரு மூக்குல துணி கட்டிகினு தவலையைத் தூக்கிகினு வெளிய வந்தாரு, தம்பியைப் பாத்தாரு, நேரா போயிட்டாரு. இவரு எழுந்து நின்னவரு நின்னபடியே இருந்தாரு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா நொந்துடுவாருன்னு தூணுக்கு மறைவா ஒதுங்கிகினேன். எனக்கு அன்னிக்கு ரெண்டு பேரையும் புடிச்சி அறையணும் போல இருந்திச்சி, அழுகையும் வந்திச்சி.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் ஆகல. அன்னிக்குக் காலைல எட்டரைக்கு அவரு கடையைப் பூட்டிகினு கெளம்பினாரு. எங்க சாமின்னு கேட்டேன். கோதண்டபாணி சென்டருக்குன்னாரு. மூணு வருஷமா அந்தத் தெருவுல கூட நடக்காத மனுஷன். போயி அவன் முன்னால நின்னு, ஒரு மணி நேரம் மிஷின் வேணும்னு கேட்டிருக்காரு. அந்தக் கோதண்டபாணியும், சும்மா சொல்லக் கூடாது, எழுந்து தன் நாற்காலியையே குடுத்தானாம். ஆனா லைன் இல்ல. ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போடறவங்க கால் நட குழி தோண்டறப்ப கேபிளை வெட்டிட்டாங்க, ஊரு பூரா இன்டர்நெட் செத்துப் போச்சி. காவடி எடுத்துகினு வர்ற லட்சம் பேருக்கு நிழல் வேணுமில்ல, யாரை இன்னா சொல்றது. ஒம்பதேகாலுக்குத் திரும்பி வந்தாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சி.

அதுக்கு மேல ஒரு வாரம் தான். புதன்கிழமை போலந்துக்காரன் அனுப்பினதுல நெட்டு சிப்பு எழுந்துடுச்சி. வெள்ளிக்கிழமை கேபிளை ஒட்டிட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஷட்டரை எறக்கப் போற நேரத்துக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டிச்சி. ஓடிப் போயி பாத்தேன். ஸ்பீக்கர்லேந்து வருது. மனுஷன் கண்ணை மூடிகினு குந்தியிருக்காரு. புதுசா வாங்கின மைக் ஒண்ணு கவரு பிரிக்காம மேசை மேல இருந்திச்சி.

அதையும் சொருகி ஒரு தரம் பேசிப் பாத்துடுங்க சாமின்னேன். எங்க அண்ணன் வீட்டுலயும் நெட்டு இருக்குது, ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமேன்னேன்.

"இல்லம்மா. முதல்ல குழந்தைக்குத் தான். நைவேத்தியம் ஆகறதுக்கு முன்னாடி ருசி பாக்கறதில்லை."

அப்பவாவது நான் கத்தியிருக்கணும். அவரு மூஞ்சியில அவ்ளோ நாள் கழிச்சி ஒரு தெளிவு இருந்திச்சி, அதைக் கெடுக்க மனசு வரல. நானும் போயிட்டேன். அந்தத் தப்புல எனக்கும் பாதி பங்கு உண்டு.

ஞாயித்துக்கிழமை எங்க கடை லீவு. ஆனா எட்டரைக்கே போயி ஷட்டரைப் பாதி தூக்கிகினு உள்ள குந்திட்டேன், வீட்டுல கரண்ட் பில்லைத் தேடணும்னு பொய் சொல்லிட்டு. அந்தப் பக்கம் ஊதுபத்தி வாசனை வந்திச்சி. ஒம்பது மணிக்கு மணியடிக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் குழந்தை குரல்.

"அப்பா? இருக்கேளா?"

இவரு இருக்கேன்டா கண்ணான்னாரு. குழந்தை மறுபடி, அப்பா, இருக்கேளான்னு கேட்டிச்சி. இவரு கொஞ்சம் சத்தமா சொன்னாரு. அது மறுபடி கேட்டிச்சி. அவரு கத்த ஆரம்பிச்சாரு. சுப்ரஜா, அப்பா இங்க தான் இருக்கேன், கேக்கறதா, சுப்ரஜான்னு தெருவுல நாலு கடைக்குக் கேக்கற மாதிரி கத்தினாரு. மூணு மாசம் பொண்டாட்டி கிட்ட பேசாத வாயி, அண்ணன் முன்னால தொறக்காத வாயி, அன்னிக்குக் கிழிஞ்சிது. மெல்போர்னுக்கு மட்டும் கேக்கல. அந்த சிப்பு கேக்க வெச்சிது, பேச வெக்கல. அப்புறம் தெரிஞ்சிது, போலந்துக்காரன் எழுதியே இருக்கான், ஒலி வரும், மைக் பக்கம் நான் சோதிக்கலை, பாத்துச் சொல்லுன்னு.

நான் தடுப்பைச் சுத்திகினு உள்ள ஓடினேன். டைப் அடிங்க சாமின்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதும்மா, அஞ்சு வயசுன்னாரு. சொல்லிகினே அடிச்சாரு, மைக் வேலை செய்யலை, அம்மாவைக் கூப்பிடு, அப்பா கேட்டுண்டிருக்கேன்னு வரி வரியா அடிச்சாரு. குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா பேசலை, என்னமோ எழுத்து வரதுன்னு சொல்லிச்சி. தூரத்துலேந்து அந்தப் பொண்ணு குரல் வந்திச்சி. காரணம் எழுதியிருப்பார், நீ ரெண்டு நிமிஷம் பாத்துட்டு எழுந்து வந்துடுன்னுச்சி. கோவமா சொல்லல, அலுத்துப் போயி சொல்லிச்சி. அது தான் எனக்கு பயமா இருந்திச்சி.

குழந்தை எழுந்து போகல. நீங்க பேசலேன்னா நான் பேசறேன்னு ஆரம்பிச்சிடுச்சி. முன் பல்லு ஒண்ணு ஆடுதாம். மாமா வீட்டுல பூனை இருக்குதாம், அதுக்குத் தமிழ் தெரியாதாம். சாமி கையை கீபோர்டு மேல வெச்சிகினு, அசையாம, கன்னத்துல தண்ணி வழிய வழியக் கேட்டுகினு இருந்தாரு. அப்புறம் குழந்தை சொல்லிச்சி, பள்ளிக்கூடத்துல இப்ப என் பேரு எழுத வந்துடுத்து, மிஸ் நட்சத்திரம் ஒட்டினான்னு.

அவரு தலையைத் தூக்கினாரு. திரையில அடிச்சி வெச்சிருந்த அரை வரியை மொத்தமும் அழிச்சாரு. இங்கிலீஷ் எழுத்துல சுப்ரஜான்னு பேரை மட்டும் அடிச்சி அனுப்பினாரு.

"ஐ, நான்"ன்னுச்சி குழந்தை.

மறுபடி அதே பேரை அடிச்சாரு. நான்னு சிரிச்சிது. மறுபடி அடிச்சாரு. நான். அடிக்க அடிக்க அது நான் நான்னு சிரிச்சிகினே இருந்திச்சி, அவரு விரலு நிக்கல, திரை பூரா அந்தக் குழந்தை பேரு. அப்புறம் அது கத்திச்சி.

"அம்மா, வந்து பாரு. அப்பா என்னைக் கூப்பிட்டுண்டே இருக்கார்."

நாற்காலி நகர்ற சத்தம் கேட்டிச்சி. அந்தப் பொண்ணு வந்து நின்னுது போல. கொஞ்ச நேரத்துல குரல் அறுந்து போச்சி. குழந்தை பேரா நெறைஞ்ச அந்தத் திரையையே அவரு பாத்துகினு இருந்தாரு. நான் அவ்ளோ தான், மூணு வாரமும் போச்சின்னு நெனச்சிகினு வெளிய வரலாம்னு திரும்பினேன். அப்ப டக்குனு ஒரு சத்தம். கடைசி வரிக்குக் கீழ புதுசா ஒரு வரி வந்திருந்திச்சி. இங்கிலீஷ் எழுத்துல தமிழு.

அடுத்த வாரம் மைக்கை சரி பண்ணி வையுங்கோ. காத்துண்டிருப்பா.

அவரு அதை என் கிட்ட காட்டல, நான் தான் தோளுக்கு மேல எட்டிப் படிச்சேன். படிச்சிட்டு சத்தம் போடாம வந்துட்டேன்.

செவ்வாக்கிழமை போலந்துலேந்து வந்ததைப் போட்டு, மலை ஏறி எறங்கி வந்து, மைக்கை சொருகினாரு. அந்த மிஷின்ல நாம பேசினா பதிஞ்சி வெச்சி திருப்பிச் சொல்லும். அந்த வாரம் பூரா தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே தான். சுப்ரஜா, அப்பா பேசறேன்னு ஒரு தரம் அவரு சொல்லுவாரு. கொஞ்சம் பொறுத்து அதே குரல்ல மிஷின் சொல்லும். உடனே மறுபடி அவரு சொல்லுவாரு. கடைக்கு வந்தவங்க உள்ள யாரு பேசறாங்கன்னு கேட்டாங்க. நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திட்டு, ருசி பாத்துகினு இருக்காருன்னு சொன்னேன்.